பாலூட்டும் தாய்க்கு உணவளிப்பது யார் கடமை?

புதுச்சேரியிலிருந்து வங்கக் கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் எதிர்ப்படுவது வானூர் வட்டத்தைச் சேர்ந்த கோட்டக்குப்பம். பாங்கொலி கேட்கும் அந்தத் தெருக்களைக் கடந்து, கழுவெளியின் ஓரமாக மேலும் சென்றால், வெண்பட்டு விரித்தாற்போல மரக்காணத்து உப்பளங்கள் கண்ணில் படும். தை, மாசியில் தொடங்கி மழைக்காலம் வரும்வரை இங்கே உப்பு விளைகிறது. எத்தனையோ இல்லங்களின் உணவுக்குச் சுவையூட்டும் மண் இது.

ஆயினும் இந்தக் கரையோரத்து வீடுகளிலும், ஏன், தமிழகத்தின் பெரும்பாலான வீடுகளிலும், பிள்ளை பெற்றுப் பாலூட்டும் தாயின் உணவுத் தட்டை மட்டும் எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கணவர் உண்டு, மாமனார் மாமியார் உண்டு, பிள்ளைகள் உண்டு முடித்த பின்னர் பானையின் அடியில் எஞ்சியிருப்பதே அவளுக்கு உரியது என்னும் வழக்கம் இன்னும் பல இல்லங்களில் நீடிக்கிறது. இது வறுமையால் மட்டும் விளைவதன்று, கவனக்குறைவாலும் விளைவது.

திருமறை வகுத்த நீதி

பாலூட்டுவதைப் பற்றித் திருக்குர்ஆன் விரிவாகப் பேசுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம், பாலூட்டும் காலத்தை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளை எல்லையாக வகுக்கிறது. அதே வசனம் அத்துடன் நின்றுவிடவில்லை. பாலூட்டும் தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பது குழந்தையின் தந்தை மீது கடமை என்றும் விதிக்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்கிறது. பால்குடியை முன்னரே நிறுத்துவதானாலும், இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசித்தே முடிவு செய்யவேண்டும் என்கிறது.

சிந்தித்துப் பாருங்கள். பாலூட்டும் மனைவியின் உணவு கணவரின் பெருந்தன்மையில் விடப்படவில்லை. அது அவளுக்குரிய உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இன்று முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்றும், அதன்பின் மற்ற உணவுகளுடன் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்றும் கூறுகிறது. இரண்டாண்டு என்னும் அளவை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். ஆனால் அதே வசனத்தின் மறுபாதியான தாயின் உணவைப் பற்றி எத்தனை பேர் எண்ணுகிறோம்?

தாயின் உடல் செய்யும் தியாகம்

பாலூட்டும் தாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி பால் சுரக்கிறாள். இதற்காக முதல் ஆறு மாதங்களில் நாள்தோறும் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதங்களில் 520 கலோரியும் அவளுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை.

தாய் குறைவாக உண்டாலும் பால் உடனே வற்றிவிடுவதில்லை. வல்ல நாயன் படைப்பின் விந்தை அது. அவளது உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. உணவில் சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துப் பாலில் சேர்க்கிறது. குழந்தை செழிக்க, தாய் மெலிகிறாள். ஆனால் எல்லாச் சத்துகளுக்கும் இது பொருந்தாது. அயோடின், வைட்டமின் ஏ, பி வகை வைட்டமின்கள் ஆகியவை தாயின் உணவில் குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். அப்போது தாய், சேய் இருவருமே இழப்புக்கு ஆளாகின்றனர்.

உப்பு விளையும் ஊரில் ஒரு குறை

அயோடின் என்றதும் உப்பளத்து மக்களுக்கு ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்லவேண்டியுள்ளது. கடலிலிருந்து விளையும் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று பலரும் நம்புகின்றனர். அது சரியன்று. கடல்நீரில் உள்ள அயோடினே மிகச் சொற்பம். அதுவும் பாத்தியில் நீர் வற்றி உப்பாகும்போது படிகத்தில் தங்குவதில்லை. எனவே பாத்தியிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் கல்லுப்பு எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அயோடின் இல்லாத உப்பே.

அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்கலாகாது என்னும் தடை 2006-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. ஆயினும் 2018-19-ஆம் ஆண்டில் நாடளாவிய அளவில் நடந்த ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடுதான். 100-க்கு ஏறத்தாழ 62 வீடுகளே. உப்பை மிகுதியாக விளைவிக்கும் மாநிலங்களுள் ஒன்று, நல்ல உப்பை உண்பதில் கடைசியில் நிற்கிறது.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. பிறந்த குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு சுரப்பு இன்றியமையாதது. அச்சுரப்பு உருவாக அயோடின் வேண்டும். ஆறு மாதம்வரை குழந்தைக்கு அது தாய்ப்பால் வழியாகவே கிடைக்கிறது. ஆகவே உப்பளம் எத்துணை அருகில் இருந்தாலும், சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். பொட்டலத்தின் மீது சிரிக்கும் சூரியன் முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். கல்லுப்பே வேண்டுமென்போர் அயோடின் கலந்த கல்லுப்பைக் கேட்டு வாங்கலாம். மூடிய பாத்திரத்தில், ஈரமும் அடுப்பின் அனலும் படாமல் வைத்து, சமையலின் இறுதியில் இடுங்கள். உப்பை மிகுதியாக உண்ணவேண்டும் என்பது இதன் பொருளன்று. உண்ணும் உப்பை மாற்ற வேண்டும் என்பதே. மீன், முட்டை, பால் ஆகியவற்றிலும் அயோடின் உண்டு. தைராய்டு நோய்க்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

தட்டில் என்ன இருக்கவேண்டும்?

600 கலோரி என்றதும் மலைக்க வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மூன்று பேரீச்சம்பழம் ஆகியவற்றை வழக்கமான உணவுடன் சேர்த்துக்கொண்டால் ஏறத்தாழ அந்த அளவு கிடைத்துவிடும். மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையில் இருந்தபோது பேரீச்சங்கனியையே இறைவன் உணவாக அருளியதைத் திருமறை கூறுகிறது.

கடலோரத்துப் பெண்களுக்கு மத்தி, நெத்திலி, கவலை போன்ற சிறு மீன்கள் பெரும் பேறு. மலிவானவை, புரதமும் நல்ல கொழுப்பும் நிறைந்தவை, முள்ளோடு உண்ணும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பால் பெருகும் என்று சுறாப்புட்டுச் செய்துகொடுக்கும் வழக்கம் உண்டு. பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும் ஆதலால் அவற்றைத் தவிர்த்து, சிறு மீன்களைக் கொடுப்பதே பாதுகாப்பானது. முருங்கைக்கீரை, பூண்டு, பருப்பு, கேழ்வரகுக் கூழ் ஆகியவையும் எளியவர்க்கு எட்டும் சத்துணவுகளே.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது என 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவித்தது. எனவே பேறுகாலத்திற்குப் பின்னும் 180 நாள்கள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் உண்ணவேண்டும். அதையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. உணவு உண்டவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேராது. ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

இவற்றுக்கெல்லாம் வசதி இல்லாத குடும்பங்கள் அரசின் உதவியைக் கேட்டுப் பெறத் தயங்கலாகாது. 1987-இல் தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், 2018 முதல் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு விரிந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள தாய்மார் முதல் இரு பேறுகளுக்கு இதனைப் பெறலாம். கருவுற்றவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்வது முதற்படி. அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்கென்றே தரப்படும் சத்துமாவை வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்கிட்டுவிடாமல் அவளுக்கே கொடுங்கள்.

பத்தியமும் முதற்பாலும்

பேறுகாலத்தில் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், கீரை உண்டால் குழந்தைக்குப் பேதியாகும் என்றெல்லாம் கூறி நாற்பது நாளும் தாயைக் காயப்போடும் வழக்கத்திற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் ஒரு தம்ளர் நீர் அருந்துவது நல்லது.

மஞ்சள் நிறமாக முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிடுவது பெரும் இழப்பு. நோயெதிர்ப்பு ஆற்றல் நிறைந்த முதல் மருந்து அது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் இடவேண்டும். சர்க்கரை நீர், கழுதைப்பால், ஆமணக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் தருவது, அரிதானாலும் உயிருக்கே ஊறு செய்யும் நச்சு நோயை உண்டாக்கக் கூடும். தஹ்னீக் செய்ய விரும்புவோர், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நன்கு கழுவிய கையால் பேரீச்சம்பழத்தின் சாற்றை அண்ணத்தில் தொட்டுத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதற்காகத் தாய்ப்பால் தாமதமாகலாகாது.

"பால் போதவில்லை" என்னும் அச்சம்

இளந்தாய்மாரை அதிகம் வருத்துவது இந்த அச்சமே. குழந்தை அழுதவுடன் அக்கம்பக்கத்தார் "உனக்குப் பால் இல்லை" என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர்; உடனே புட்டிப்பால் வருகிறது. குழந்தை சப்பச் சப்பவே பால் சுரக்கும் என்பதால், புட்டி வந்ததும் சுரப்பு உண்மையிலேயே குறைந்துவிடுகிறது. முதல் வாரத்திற்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்றே பொருள். பால்மாவு, பால்புட்டி விளம்பரங்களை நமது நாடு 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்திருப்பது காரணமின்றியன்று.

காம்பில் வெடிப்பும் வலியும் வந்தால், குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறதா எனப் பாருங்கள். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வவேண்டும். பால் கட்டிக்கொண்டால் அடிக்கடி பாலூட்டி, எஞ்சியதைக் கையால் மென்மையாகப் பீய்ச்சி இறுக்கத்தைத் தணியுங்கள். குளிர்ந்த துணி ஒத்தடம் வலியைக் குறைக்கும். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் தாமதியாமல் மருத்துவரைக் காணுங்கள். அப்போதும் பாலூட்டுவதை நிறுத்தவேண்டியதில்லை.

உப்பளத்திற்கும் பிற வேலைகளுக்கும் செல்லும் தாய்மார், புறப்படும் முன் பாலூட்டிவிட்டுச் செல்லலாம். சுத்தமான மூடிய கிண்ணத்தில் பீய்ச்சி வைத்தும் செல்லலாம். நமது கடற்கரை வெக்கையில் அதனை மூன்று நான்கு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்கவேண்டாம். புட்டியைவிடப் பாலாடையே ஏற்றது. வெயிலில் நிற்பவர்கள் நீரைத் தாராளமாக அருந்தவேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வானூர், மரக்காணம் பகுதிகளை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அத்தகைய நாள்களில் நல்ல நீரும் விறகும் கிடைக்காதபோது, கொதிக்கவைக்க வேண்டாத, கலப்படமற்ற ஒரே உணவு தாய்ப்பால்தான். நிவாரணம் வழங்கும் நமது ஜமாஅத்துகள் பால்மாவு டப்பாக்களைவிட, தாய்க்கு வேண்டிய உணவையும் குடிநீரையும் மறைவான ஓர் இடத்தையும் அளித்தால் அதுவே சிறந்த உதவி.

நோன்பும் பாலூட்டும் தாயும்

கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் அல்லாஹ் சலுகை அளித்திருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தனக்கோ குழந்தைக்கோ கேடு வரும் என அஞ்சினால் அவள் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் களா மட்டும் போதும். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டால் ஷாஃபி மத்ஹபில் களாவுடன் ஃபித்யாவும் உண்டு. ஊர் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள். சலுகையைப் பயன்படுத்தும் பெண்ணை ஏளனமாகப் பார்ப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் உழைக்கும் சகோதரர்களே! மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டால் திருமறை விதித்த கடமை முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். தொலைபேசியில் பிள்ளையின் நலத்தைக் கேட்கும்போது, "நீ இன்று என்ன சாப்பிட்டாய்?" என்று மனைவியிடமும் கேளுங்கள். உள்ளூரில் இருப்போர் இன்றிரவே மனைவியைத் தங்களுடன் அமரவைத்து உண்ணுங்கள். மாமியார்களே! உங்கள் பேரப்பிள்ளையின் உணவு உங்கள் மருமகளின் தட்டில்தான் இருக்கிறது. அதில் முதல் மீன் துண்டை நீங்களே எடுத்துவையுங்கள்.

நம் தாய்மார்க்கு நல்லுடலையும், நம் மழலையர்க்கு நல்லறிவையும், நம் இல்லங்களுக்கு நீதியையும் எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.