வேலை கோரும் கடிதம் எழுதும் முறை

நம் கிராமங்களில் கல்வி பெருகியிருக்கிறது. தொழிற்பயிற்சியோ கல்லூரிப் பட்டமோ பெற்ற இளைஞர் இல்லாத ஊர் இன்று அரிது. ஆனால் கற்றதையும் செய்ததையும் காகிதத்தில் எடுத்துரைக்கும் பழக்கம் அந்த அளவுக்கு வளரவில்லை. நமது அலுவலகத்துக்கு வரும் இளைஞர்கள் காட்டும் கடிதங்களில் இக்குறை தெளிவாகப் புலப்படுகிறது.

சென்ற ஆண்டு சிறு விவசாயி ஒருவரின் மகன் நம்மை நாடி வந்தார். மின்பணியாளர் பயிற்சியில் தேர்ச்சி பெற்றவர். நூற்பாலை ஒன்றுக்கு இருமுறை எழுதியும் பதில் வரவில்லை என்று வருந்தினார். கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தோம். மழை பொய்த்தது, தந்தையின் கடன், தங்கையின் திருமணம் எனக் குடும்பத் துயரமே இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. எந்த வேலைக்கு எழுதுகிறார் என்பதே அதில் இல்லை. பேச்சுக் கொடுத்தபோதுதான் ஓர் உண்மை வெளிவந்தது. அவ்வூரில் எந்தக் கிணற்று மோட்டார் பழுதுபட்டாலும் நான்கு ஆண்டுகளாக அவரைத்தான் அழைக்கிறார்கள். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டவும் அவர் அறிவார். இதைப் பற்றி ஒரு சொல்லேனும் கடிதத்தில் காணோம்!

இப்பிழை எதனால் நேருகிறது? மனு வேறு, விண்ணப்பம் வேறு என்பதை நம் மக்கள் உணராமையே காரணம். அரசின் உதவி கோரும் மனுவில் வறுமையைச் சொல்லியாக வேண்டும். வேலை தருபவரோ, தம் வேலையை இவர் செய்து முடிப்பாரா என்று மட்டுமே பார்க்கிறார். மனு எழுதியே பழகிய கை, விண்ணப்பத்தையும் மனுவாகவே எழுதிவிடுகிறது. மனுக்களையே வாங்கி வாங்கி அவர்களைப் பழக்கிய நம் போன்ற அலுவலர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இத்தாலி நாட்டு ஓவிய மேதை லியனார்டோ டா வின்சி, 1482-ஆம் ஆண்டையொட்டி மிலான் நகரின் ஆட்சியாளரிடம் பணி கோரி வரைந்த கடிதம் இன்றும் உள்ளது. போர் மிகுந்த காலம் அது. ஆகவே பாலம் அமைத்தல், பீரங்கி செய்தல் முதலிய திறமைகளையே அவர் முதலில் வரிசைப்படுத்தினார். ஓவியம் வரையும் ஆற்றலைக் கடைசியில்தான் குறிப்பிட்டார். கேட்பவருக்கு எது தேவையோ அதை முன்னே வைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை நான்கு:

1. எந்த வேலை, அதைப் பற்றிய செய்தி எங்கே கிடைத்தது என்பது.

2. அவ்வேலைக்கு உதவும் படிப்பும், செய்து பழகிய பணியும். "கடும் உழைப்பாளி" என்று எழுதுவதைவிட, செய்த வேலையை ஆண்டுக் கணக்குடன் எழுதுவது நன்று. வயல் வேலை, கறவை மாடு பராமரிப்பு, சங்கக் கணக்கு எழுதியது ஆகியவையும் அனுபவமே.

3. எப்போது பணியில் சேர இயலும் என்பது.

4. முழு முகவரியும் தொலைபேசி எண்ணும். எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் உழைப்பு அனைத்தும் வீண்.

அந்த இளைஞர் நம் எதிரில் அமர்ந்து திருத்தி எழுதிய கடிதம் வருமாறு:

"ஐயா, தங்கள் ஆலைக்கு மின்பணியாளர் தேவை என்னும் நாளிதழ் விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பிக்கிறேன். அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டுப் பயிற்சி பெற்றுத் தேறியுள்ளேன். நான்கு ஆண்டுகளாக எங்கள் ஊரில் பம்பு செட்டு மோட்டார்களைப் பழுது பார்த்து வருகிறேன். காயில் கட்டவும் அறிவேன். இரவு முறைப் பணிக்கும் வர இயலும். அழைத்த ஒரு வாரத்தில் சேருவேன். சான்றிதழ் நகல்களை இணைத்துள்ளேன். நேரில் அழைத்தால் வேலையைச் செய்து காட்டச் சித்தமாயிருக்கிறேன்."

இவ்வளவே போதும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பினாலும் முறை இதுவே. அசல் சான்றிதழ்களை எக்காரணத்தாலும் அனுப்பலாகாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடும். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவரை நம்பலாகாது. அரசுப் பணிக்குக் குறிப்பிட்ட படிவம் இருப்பின் அதையே பிழையின்றி நிரப்பி அனுப்புதல் வேண்டும்.

அக்கடிதத்துக்கு ஆலையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அங்கே வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டனர். ஆயினும் அதே கடிதத்தைச் சிறிது மாற்றி மற்றோர் ஆலைக்கு அனுப்பினார். இன்று அங்கே பணி புரிகிறார். கடிதம் வேலையைத் தந்துவிடாது; வேலை தருபவரின் வாசலைத் திறந்துவிடும். உள்ளே சென்று திறமையைக் காட்டுவது அவரவர் பொறுப்பு.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மாலை, பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்து, நூலகத்திலோ ஊராட்சி மன்றக் கட்டடத்திலோ இளைஞர்களை அமர்த்தி இக்கடிதத்தை எழுதிப் பழகச் செய்யுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை. காகிதமும் பேனாவும், சிறிது அக்கறையும் போதும்.