குதிரைவாலியும் பெண்டிர் கூட்டுத் தொழிலும்

விருதுநகர் ஜில்லாவின் கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரி. மழை பொய்த்த வருஷங்களில் கூலி தேடிய குடும்பங்களுக்கு, 1923-ம் வருஷம் சிவகாசியில் தோன்றிய தீப்பெட்டித் தொழிலும், பின்னர் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் பிழைப்பளித்தன. ஆயினும் அப்பிழைப்பு அபாயம் மிக்கது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துக்கள் பல உயிர்களைப் பலி கொண்டன. நிலத்தையொட்டிய தொழில் ஒன்று பெண்டிருக்குக் கிட்டுவது இதனால் அவசியமாகிறது.

உமி நீக்கும் தொழில்

குதிரைவாலி சுமார் 100 நாட்களில், குறைந்த ஈரத்தில் விளைவது. இதன் உமி கடினமானது. உரலில் குத்துவது பெரும்பாடு. ஆகவே குடியானவர் அறுவடையானதும் தானியமாகவே விற்றுவிடுகின்றனர். அரிசியாக்குவதன் லாபம் பிறர் கைக்குப் போகிறது. கல் நீக்கி, உமி நீக்கி, சலித்து விற்கும் சிற்றாலையை மகளிர் குழுவினர் நடத்தினால் அந்த லாபம் ஊரிலேயே தங்கும்.

பெண்டிருக்கு இத்திறம் உண்டா என ஐயுற வேண்டுவதில்லை. மதுரையை அடுத்த புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை விவசாயக் கூலியாக இருந்தவர். களஞ்சியம் சிறுசேமிப்புக் குழுக்களை வளர்த்து, கண்மாய் மீன்பிடிக் குத்தகையையும் பெண்டிர் ஏற்கச் செய்தார். 2019-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கம்பெனிகளின் கடமை

2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 100-க்கு 2 பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் நடத்தும் வட்டாரத்திற்கே முதலிடம் தர வேண்டுமென்பதும் சட்டம். பெண்டிர் முன்னேற்றம், சுற்றுச்சூழல் காப்பு, கிராம அபிவிருத்தி ஆகியன இதில் அடங்கும். தன் தொழிலாளருக்கு மட்டுமே பயன்படும் செலவு இக்கணக்கில் சேராது. தொழிற்சாலைப் பாதுகாப்பு தனிக் கடமையாகும்.

இயந்திரம் ஒன்றை அளித்துப் பெயர்ப்பலகை மாட்டுவதோடு இக்கடமை தீராது. தானியம் அறுவடைக் காலத்தில் ஒருசேர வரும். அதை வாங்கி வைக்க முதல் இல்லையேல் ஆலை மற்ற மாதங்களில் ஓயும். ஆகவே கொள்முதல் பணம், பயிற்சி, விற்பனை வழி ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஊரார் செய்ய வேண்டியவை

நிலச்சுவான்தார்கள் தானியத்தை நன்கு உலர்த்தி, குழுவிற்கே அளிக்க முன்வர வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இடமும் மின்வசதியும் கிடைக்க உதவி, கிராமசபைத் தீர்மானத்திற்கு ஆவன செய்ய வேண்டும். குழுவினர் கணக்கை ஒழுங்காக வைத்தல் வேண்டும். இவை மூன்றும் கூடிய ஊருக்குக் கம்பெனியின் உதவியைக் கேட்கும் தகுதியும், வந்த உதவியை நிலைநிறுத்தும் வலிமையும் உண்டாம்.