உறுத்தாத உடை, ஒதுங்காத மனம்

மார்கழியில் உதகையிலும் கொடைக்கானலிலும் உறைபனி படர்கிறது; சமவெளியிலும் விடியற்காலை வாடைக்காற்று தோலை உலர்த்துகிறது. காற்றில் ஈரப்பதம் குறைவதாலும், உடலில் வெயில் படுவது குறைவதாலும், சொரியாசிஸ் உள்ளவர்களில் பலருக்குச் செதில்களும் அரிப்பும் இக்காலத்தில் மிகுகின்றன. அடுத்து வரும் தையோ திருமண மாதம். எதை உடுத்துவது, யார் என்ன கேட்பார்களோ என்று தயங்கியே அழைப்பிதழை எடுத்து வைத்துவிடுவோர் உண்டு. அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை. உடையைச் சற்றுக் கவனித்துத் தேர்ந்தால் போதும்.

தோலை ஒட்டிப் பருத்தி

கம்பளி ஆடையை வெறுந்தோலின்மேல் அணியாதீர்கள். கம்பளியில் 30 மைக்ரானுக்கும் மேல் தடித்த இழைகள் எளிதில் வளையாமல் தோலைக் குத்தும், அரிப்பு தூண்டப்படும். முதலில் முழுக்கைப் பருத்தி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர் என்பதே சரியான முறை. தடித்த ஓர் ஆடையைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகள் நல்லவை. வெயில் ஏறியதும் ஒன்றைக் களையலாம். வியர்வை தேங்கினாலும் அரிப்பு கூடும் என்பதை மறவாதீர்கள். கம்பளிக் குல்லாவுக்குள் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இறுக்கம் ஏன் ஆகாது?

தோலில் காயமோ தொடர்ந்த உராய்வோ ஏற்படும் இடத்தில் சிலருக்குப் புதிய சொரியாசிஸ் திட்டுகள் தோன்றும். இதை 19ஆம் நூற்றாண்டில் விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இது 'கோப்னர் விளைவு' எனப்படுகிறது. இறுகக் கட்டிய பாவாடை நாடா, இடுப்பு வார், காலுறையின் எலாஸ்டிக் ஆகியவை பதியும் இடங்களைக் கவனியுங்கள். நாடாவுக்குப் பதிலாக அகலமான பட்டை தைத்த உள்பாவாடை, தளர்ந்த காலுறை ஆகியவை உதவும். கழுத்தில் உறுத்தும் லேபிளைக் கத்தரித்துவிடுங்கள்.

விசேஷ நாளில்

பட்டுச்சேலை உடுத்தலாம். சரிகை உராயாதபடி முழங்கைவரை நீண்ட, பருத்தி உள்துணி வைத்த ரவிக்கையைத் தைத்துக்கொள்ளுங்கள். அது முழங்கைத் திட்டுகளையும் மறைக்கும். தலையில் செதில் உதிர்பவர்களுக்குக் கறுப்பு, கருநீலம் ஆகியவற்றைவிடச் சந்தனம், வெளிர்சாம்பல் போன்ற நிறங்களும் பூவேலைப்பாடுகளும் ஏற்றவை. ஆண்கள் கஞ்சி போட்டு விறைத்த வேட்டியைத் தவிர்த்து, மென்மையான வேட்டியைத் தளர்வாகக் கட்டலாம். பொங்கல் புத்தாடையையும் ஒருமுறை அலசி உலர்த்தியபின் உடுத்துங்கள். துணியில் எஞ்சியிருக்கும் இரசாயனப் பூச்சு குறையும்.

களிம்பும் நெருப்பும்

வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரத்தை ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள் ஈரப்பதக் களிம்பைத் தடவுங்கள். அது தோலில் ஊறும்வரை பழைய பருத்தி உடையில் இருந்துவிட்டுப் பின்னர் நல்லாடை உடுத்தினால் கறை படியாது.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. களிம்பு ஊறிய துணியில் தீப்பட்டால் மிக விரைவாகப் பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் களிம்பின் எச்சம் முழுமையாக நீங்குவதில்லை. ஆகவே அடுப்பு, கணப்பு, விளக்குச் சுடர், போகித் தீ ஆகியவற்றிலிருந்து விலகியிருங்கள். புகைபிடிப்பதும் ஆபத்தே.

குடும்பத்தினருக்கு

சொரியாசிஸ் தொற்றுநோய் அன்று. நோயாளியின் துணிகளைத் தனியே ஒதுக்கித் துவைக்க வேண்டியதில்லை. சோப்பு எஞ்சாதபடி இருமுறை அலசினால் போதும். பந்தியில் அருகில் அமர்வதாலோ, கைகோப்பதாலோ, ஒரே சால்வையைப் போர்த்திக்கொள்வதாலோ இது பரவாது. விசேஷ வீட்டில் எவரேனும் கேட்டால், அந்த விடையை நீங்களே முந்திச் சொல்லுங்கள். நோயாளி ஒவ்வொரு முறையும் தாமே விளக்க நேர்வது பெருஞ்சுமை.

உடை துணை மட்டுமே; மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. உடல் முழுவதும் சிவந்து நடுக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காலையில் மூட்டுகள் விறைத்து வீங்கினால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.