புகலிடமும் சட்டமும்: மலேசியப் பெண்கள் உதவி நிறுவனத்தின் வளர்ச்சி

அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வெளியேறும் பெண் எங்கே போவாள்? தோட்டப்புறத் தமிழ்ச் சமூகத்தில் இவ்வினாவுக்கு நெடுங்காலம் விடை இருந்ததில்லை. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடு அவர்தம் உடைமையன்று. வேலையோடு சேர்த்து நிர்வாகம் தந்தது. மனைவியும் பால்மரம் சீவியவளே. எனினும், கணவனை நீங்கினால் வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி ஆகிய மூன்றையும் ஒருசேர இழக்கும் நிலை அவளுக்கு இருந்தது. வழக்கு கோயில் வாசலில் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கப்படும். பேசி முடித்தல் என்பது பெரும்பாலும் அவளை அதே வீட்டிற்குத் திருப்பி அனுப்புதலே.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கெனத் தனி இல்லம் அமைக்கும் முயற்சி, 1971இல் லண்டன் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி தொடங்கிய இல்லத்தால் உலகின் கவனத்தைப் பெற்றது. மலேசியாவில் இத்தகைய முதல் இல்லத்தை 1982இல் பெண்கள் உதவி நிறுவனம் தொடங்கியது. முன்னாள் நிதியமைச்சர் துன் டான் சியூ சின் அளித்த நன்கொடை அதற்கு வித்தாயிற்று. அதே ஆண்டு மார்ச் 1ஆம் நாள், 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்ததை இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும். முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணமும் திருமணப் பதிவும் கட்டாயமானது அன்று முதற்கொண்டுதான். தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாத தோட்டத் தம்பதியர் அக்காலத்தில் பலர். பதிவில்லாத மனைவிக்குச் சட்டத்தின் கதவு எளிதில் திறப்பதில்லை.

இல்லம் செயற்படும் முறை எளிமையானது. முகவரி வெளியிடப்படுவதில்லை. பிள்ளைகள் தாயுடனேயே தங்குவர். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றுக்குச் சமூகப் பணியாளர் துணையாகச் செல்வார். ஆயினும், திரும்பிப் போவதா, பிரிந்து வாழ்வதா என்பதை முடிவு செய்பவள் அப்பெண்ணே; பணியாளர் அவளுக்காக முடிவெடுப்பதில்லை. கோயில் வாசல் பஞ்சாயத்தினின்றும் இவ்வில்லம் அடிப்படையில் வேறுபடும் இடம் இதுவே என்பது என் கருத்து. அங்கே எல்லாரும் பேசுவர், அவள் கேட்பாள். இங்கே அவள் பேசுகிறாள்.

இல்லத்திற்கு வந்தோரின் அனுபவமே சட்டத்தின் குறைகளையும் காட்டிக் கொடுத்தது. சாதாரணக் காயம் விளைவித்தல், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக அன்று இருக்கவில்லை. ஆகவே, 'குடும்ப விவகாரம்' என்று கூறிக் காவலர் பெண்ணைத் திருப்பி அனுப்புவது எளிதாயிற்று. 1985இல் பெண்கள் அமைப்புகள் ஒரு கூட்டு நடவடிக்கைக் குழுவாக இணைந்தன. பெண்கள் உதவி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு, 1989ஆம் ஆண்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் 39 விழுக்காட்டினர் கணவராலோ காதலராலோ தாக்கப்பட்டதாக மதிப்பிட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுப் போராட்டத்தின் விளைவாக 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் அது நடப்புக்கு வர 1996 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. முஸ்லிம்களுக்கும் பிறருக்கும் ஒருசேரப் பொருந்துவது அதன் தனிச்சிறப்பு.

இச்சட்டத்தின்படி, காவல்துறை விசாரணை நடைபெறும் காலத்தில் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். மனத்தளவிலான கொடுமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்தினுள் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், நீதிமன்றம் செல்லாமலேயே சமூகநல அதிகாரி ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க வழி செய்தது. சிரம்பான் தெமியாங்கில் வாழும் ஒரு பெண்ணுக்கு, அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெட்டாலிங் ஜெயா வரை ஓடாமல், உள்ளூரிலேயே முதல் வாரத்தைக் கடக்க இது உதவும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நீலாய் போன்ற இடங்கள் நகரங்களான பின்னர், லயத்தின் பழைய நெருக்கடி அடுக்குமாடி வீட்டின் தனிமையாக மாறியுள்ளது. அண்டை வீட்டாரின் காது அங்கே எட்டுவதில்லை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின் தொடக்க மாதங்களில் நிறுவனத்தை நாடிய அழைப்புகள் மும்மடங்குக்கு மேல் பெருகின.

தமிழாசிரியர்கள் அறிய வேண்டியது இன்னுமொன்று உண்டு. தாய் புகலிடம் சேர்ந்தால் பிள்ளை பள்ளி மாற நேரிடும். 1999 அக்டோபரில் நடப்புக்கு வந்த குழந்தைப் பாதுகாவலர் சட்டத் திருத்தம், முஸ்லிம் அல்லாத தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளை வளர்ப்பில் சம உரிமை அளித்துள்ளது. ஆகவே, பள்ளி அலுவலகத்தில் தாய் நீட்டும் படிவத்தைத் தந்தையின் கையொப்பம் இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவைத்தல் முறையாகாது.