மின்சாரம் நின்ற பின்: முதியோர் இல்லங்களில் ஜெனரேட்டருக்கு ஆகும் செலவு

சென்ற கோடையில் எங்கள் முதியோர் நலப் பிரிவுக்கு வந்த ஒரு குடும்பத்தினர், கையில் ஒரு சுற்றறிக்கையுடன் வந்திருந்தனர். அவர்களுடைய தாயார் தங்கியிருக்கும் இல்லம், ஜெனரேட்டர் வாங்கவிருப்பதால் மாதக் கட்டணத்தை உயர்த்துவதாக அதில் அறிவித்திருந்தது. “இன்வர்ட்டர்தான் இருக்கிறதே டாக்டர், இதுவும் தேவைதானா?” என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. இதே கேள்வியை ஓர் அரசாங்கமே எதிர்கொண்டு, விடை காணச் சில மாதங்கள் போராடியிருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நம் குடும்பக் கணக்கைப் போடுவதும் எளிதாகும்.

2017 செப்டம்பர் 10 அன்று ‘இர்மா’ புயல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கியது. அங்கு ஹாலிவுட் என்ற பெயருடைய ஒரு நகரம் உண்டு (திரைப்பட ஹாலிவுட் அன்று). அந்நகரில் இருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், குளிரூட்டும் கருவிகளுக்கான மின்சாரம் மட்டும் அறுந்தது. விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுழன்றன. ஆகவே, பேரிடர் நேர்ந்துவிட்டதாக எவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் முதியோர் ஒருவர் பின் ஒருவராக நினைவிழந்தனர். சிலரின் உடல்வெப்பம் 107 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தது. இறுதியில் 12 மரணங்களுக்கு வெப்பமே காரணம் என முடிவு செய்யப்பட்டது. முழு மின்வசதியுடன் இயங்கிய ஒரு பெரிய மருத்துவமனை அதே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பதுதான் எங்களை இன்றும் உறுத்துகிறது.

வெப்பம் முதியோரை ஏன் இவ்வாறு தாக்குகிறது? வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பு குறைகிறது. தாக உணர்வும் மங்குகிறது. தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்பி வெப்பத்தை வெளியேற்ற இதயம் கடுமையாக உழைக்க வேண்டும். தளர்ந்த இதயத்துக்கு அது இயலாது. இதன்மேல் நாங்கள் எழுதித் தரும் மருந்துகளும் சேர்கின்றன. நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் உடல்நீரைக் குறைக்கின்றன. சில மனநல மருந்துகளும் சிறுநீர்ப்பை மருந்துகளும் வியர்வையை அடக்குகின்றன. மறதி நோய் உள்ளவர் “புழுங்குகிறது” என்று சொல்லவும் மாட்டார். காற்றின் வெப்பம் உடல்வெப்பத்தை நெருங்கிவிட்டால் மின்விசிறியால் பயன் குறைவு. அது சூடான காற்றையே மேலே வீசுகிறது. அந்தத் தாயாரின் இல்லத்தில் இன்வர்ட்டர் இயக்கியது விசிறிகளையும் விளக்குகளையும் மட்டுமே.

புளோரிடாவில் இருந்த முதியோர் இல்லவாசிகளின் பதிவுகளை ஆய்வாளர்கள் பின்னர் பரிசீலித்தனர். புயல் இல்லாத 2015ஆம் ஆண்டோடு ஒப்பிடுகையில், இர்மாவுக்குப் பிந்தைய 30 நாட்களில் 262 பேரும், 90 நாட்களில் 433 பேரும் கூடுதலாக இறந்திருந்தனர். செய்தித்தாள்கள் எண்ணிய பன்னிரண்டு மரணங்கள் அந்த ஒரு கட்டடத்துக்குரியவை மட்டுமே.

புயல் ஓய்ந்த சில நாட்களிலேயே மாநில அரசு ஓர் அவசர விதியைப் பிறப்பித்தது. ஒவ்வொரு முதியோர் இல்லமும் 60 நாட்களுக்குள் ஜெனரேட்டரும், 96 மணி நேரத்துக்கான எரிபொருளும் வைத்திருக்க வேண்டும் என்றது. இல்ல உரிமையாளர்களின் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அவசர விதி செல்லாது என அக்டோபரில் தீர்ப்பும் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளில் 10 இலட்சம் டாலருக்கு மேல் செலவு வைக்கும் விதியைச் சட்டமன்றமே ஏற்க வேண்டும். 2018இல் திருத்தப்பட்ட விதி சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது.

அத்திருத்தத்தில்தான் செலவைக் குறைக்கும் வழி இருக்கிறது. கட்டடம் முழுவதையும் குளிரூட்ட வேண்டியதில்லை. பராமரிப்பு இல்லத்தில் ஒருவருக்கு 30 சதுர அடி என்ற அளவில் ஒரு பொதுக்கூடத்தை 81 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 27 டிகிரி செல்சியசுக்கு மேற்படாமல் வைத்திருந்தால் போதும். அனைவரும் அங்கே தங்கிக்கொள்ளலாம். நாற்பது பேர் உள்ள இல்லத்துக்கு 1200 சதுர அடி. தேவைப்படும் இயந்திரத்தின் அளவு பல மடங்கு சிறுத்துவிடுகிறது.

இனி நம் கணக்கு. அந்த நாற்பது பேர் இல்லத்தில் ஜெனரேட்டர், மாற்று விசை, கம்பி வேலை, மேடை எல்லாம் சேர்ந்து 6 இலட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் உழைத்தால் ஒருவருக்கு மாதம் 125 ரூபாய். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 60,000 என்றால் அதுவும் 125 ரூபாய். டீசல் நீங்கலாக மொத்தம் 250. இதே கணக்கை எட்டுப் பேர் மட்டும் உள்ள சிறு இல்லத்துக்குப் போடுங்கள். சிறிய இயந்திரம் 3 இலட்சம், பராமரிப்பு 30,000 என்றாலும், ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 625 ரூபாய் வருகிறது. குறைந்த கட்டணத்தில் எளியவர்களை ஏற்கும் சிறு இல்லங்களே அதிகச் சுமையைத் தாங்குகின்றன. அவை மூடப்பட்டால் அங்குள்ளவர்கள் எங்கே போவார்கள்? கட்டாயம் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் சிறு இல்லங்களுக்கு அரசின் மானியமோ, அண்டை இல்லங்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடோ இல்லாமல் கட்டாயம் மட்டும் வந்தால், அது முதியோரை வீதிக்கு அனுப்பும் விதியாகிவிடக்கூடும்.

எனவே, கட்டண உயர்வுக் கடிதம் வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், கேளாமல் ஏற்கவும் வேண்டாம். அந்த ஜெனரேட்டர் எதை இயக்கும் என்று கேளுங்கள்: குளிரூட்டும் கருவி, தண்ணீர் மோட்டார், மின்தூக்கி, மருந்துக் குளிர்பெட்டி இவற்றில் எவையெவை? டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு உள்ளது? மாதம் ஒருமுறையேனும் முழுச் சுமையேற்றி ஓட்டிப் பார்க்கிறார்களா? ஓடாமல் கிடக்கும் இயந்திரம் தேவைப்படும் இரவில் பெரும்பாலும் கிளம்புவதில்லை. அது எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் ஒரு மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருந்த இடத்துக்குள்ளேயே நீர் புகுந்தது. 2018இல் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததையும் நாம் மறந்திருக்க முடியாது. 96 மணி நேரம் என்பது மிகையான அளவு அன்று.

வீட்டிலேயே முதியவரைப் பராமரிப்போருக்குச் சில சொற்கள். ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 300 முதல் 400 வாட் வரை மின்சாரம் எடுக்கும். 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றுள்ள வீட்டு இன்வர்ட்டர், பேட்டரி புதிதாக இருந்தால் மட்டுமே, அதை மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். ஆகவே ஒரு சிலிண்டரும் அதற்குரிய ரெகுலேட்டரும் வீட்டில் இருக்கட்டும். அதை மாட்டும் முறையை வீட்டில் இருவராவது செய்து பழகியிருக்க வேண்டும். காற்று மெத்தை தளர்ந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். வெப்பம் மிகுந்தால் ஈரத்துணியால் உடலை ஒற்றி, அதன்பின் விசிறுங்கள். பேச்சுக் குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாக உறங்கிக் கிடந்தாலோ, தோல் சுட்டாலோ 108ஐ அழையுங்கள். மின்சாரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாடகைக்கு எடுத்த சிறு ஜெனரேட்டரை வராந்தாவிலோ சன்னலருகிலோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

அந்தத் தாயாரின் மகன் மேற்கண்ட கேள்விகளை எழுதி எடுத்துச் சென்றார். இல்லத்தின் திட்டத்தில் குளிரூட்டும் கருவிக்கு இணைப்பே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. இப்பொழுது உணவுக்கூடத்துக்கு மட்டும் அந்த இணைப்பைச் சேர்த்திருக்கிறார்கள். கட்டணம் இன்னும் சிறிது கூடியிருக்கிறது. அவர் அதைச் செலுத்தி வருகிறார்.