நடுவரும் ஆரவாரமும்

கால்பந்தில் சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்குச் சாதகம் அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே. பழகிய களம், பயணக் களைப்பு இல்லாமை என்று காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. நடுவரின் விசிலுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர்.

காயம் முதலியவற்றால் வீணான நேரத்தை ஈடுகட்ட, 90 நிமிடங்களுக்குப் பின் எவ்வளவு நேரம் சேர்ப்பது என்பது நடுவரின் விருப்புரிமை. கரிகானோ, பலாசியோஸ்-ஹுவெர்டா, பிரெண்டர்காஸ்ட் ஆகிய மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பெயின் லீக் ஆட்டங்களின் இந்தக் கடைசி நிமிடங்களையே எடுத்துக்கொண்டனர். உள்ளூர் அணி ஒரு கோல் முந்தியிருந்தால் ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நீண்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய இரு மடங்கு. வெற்றி தோல்வி முன்பே உறுதியாகிவிட்ட ஆட்டங்களில் இந்தச் சாய்வு இல்லை. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் என்பது மூன்றாக உயர்த்தப்பட்டபோது சாய்வும் கூடியது. ஊக்கத்தொகை பற்றி வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு புள்ளி குறைந்ததால் கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படும் அணிக்கு, அந்த ஓரிரு நிமிடங்கள் சிறிய விஷயமன்று.

இதை உடனே கையூட்டு என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஆலன் நெவில் குழுவினர், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு லிவர்பூல் - லெஸ்டர் சிட்டி ஆட்டத்தின் 47 மோதல்களைக் காணொளியில் காட்டினர்; சிலருக்கு ரசிகர்களின் ஒலியோடு, மற்றவர்களுக்கு ஒலியின்றி. ஒலியோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவான ஃபவுல்களையே அறிவித்தனர் என 2002-இல் வெளியான அவர்களது கட்டுரை கூறுகிறது. அறையில் அமர்ந்திருந்த அவர்களை மிரட்ட யாருமில்லை. எனவே அச்சம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. நொடிப்பொழுதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவருக்குக் கண் கண்டதில் ஐயம் எழும்போது, காதில் விழும் இரைச்சலே சாட்சியமாகிவிடுகிறது.

கரோனா காலத்தில் ஐரோப்பிய லீக்குகள் காலி அரங்குகளில் நடைபெற்றபோது, வழக்கமாக வெளியூர் அணிக்கே அதிகம் காட்டப்படும் மஞ்சள் அட்டைகளின் வேறுபாடு வெகுவாகச் சுருங்கியதும் இதையே உறுதிப்படுத்துகிறது.

இப்போது காணொளி உதவி நடுவர் முறை வந்துவிட்டது. அவர் அமர்வது ஆரவாரம் எட்டாத தனி அறையில். ஆனால், இறுதி முடிவு களநடுவருடையது. அதற்காக அவர் பார்க்கும் திரை வைக்கப்பட்டிருப்பதோ ஆடுகளத்தின் ஓரத்தில், ரசிகர்களின் கண்ணெதிரே.