வெண்புரவிகளின் ஆசான்

குதிரை என்றதும் போர்க்களமும் பந்தயத் திடலுமே பலருக்கு நினைவில் எழும். ஆனால், குதிரையேற்றத்தை நடனத்துக்கு நிகரான நுண்கலையாகப் பேணிவரும் நிலையம் ஒன்று ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் உண்டு. ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி என்பது அதன் பெயர். 1735 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற அரண்மனை மண்டபத்தில், லிப்பிசான் இன வெண்புரவிகள் இசைக்கேற்ப அடியெடுத்து வைக்கும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். இரண்டாம் உலகப் போரின்போது இப்பள்ளியை அழிவினின்றும் காத்தவர் அலொய்ஸ் பொட்ஹாய்ஸ்கி என்னும் சவாரி ஆசான்.

அவர் 1898 இல் மொஸ்தார் நகரிற் பிறந்தார். இளமையிலே குதிரைப் படையிற் சேர்ந்தார். பந்தயத்திற்கு உதவாதென ஒதுக்கப்பட்ட நீரோ என்னும் குதிரையைப் பொறுமையோடு பழக்கி, 1936 இல் பேர்ளின் ஒலிம்பிக் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1939 இல் வியன்னாப் பள்ளியின் தலைவரானார்.

அடித்துப் பணிய வைப்பது அவர் முறையன்று. குதிரை ஒன்றைச் செவ்வனே செய்தவுடன் தட்டிக் கொடுப்பதும், சீனிக்கட்டி ஊட்டுவதும், விளங்காததை மீண்டும் எளிமையாகக் கற்பிப்பதுமே அவர் வழி. நின்ற இடத்திலேயே தாளந் தவறாது அடி பெயர்த்தல், பின்னங்கால்களை மடித்து முன்னுடலை உயர்த்தி அசையாது நிற்றல், வானிலே தாவிப் பின்னங்கால்களை உதைத்தல் முதலிய அருஞ்செயல்கள் பல ஆண்டுப் பயிற்சியின் பயனாகும். இக்கலை ஏட்டிலே தங்குவதன்று. பழகிய குதிரை இளம் வீரனுக்குக் கற்பிக்கும். தேர்ந்த வீரன் இளங்குதிரைக்குக் கற்பிப்பான். இச்சங்கிலி ஒருமுறை அறுந்தால் மீண்டும் பொருத்துதல் அரிது.

1945 இல் வியன்னா குண்டு வீச்சுக்கு இலக்காயிற்று. பொட்ஹாய்ஸ்கி ஆண் புரவிகளை மேல் ஒஸ்திரியாவிலுள்ள சென் மார்ட்டின் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றார். பெட்டைக் குதிரைகளோ செக் நாட்டு எல்லைக்குள் ஹொஸ்தாவ் பண்ணையில் இருந்தன. அவை திரும்பாவிடின் இனமே அற்றுப்போகும். அவ்வாண்டு மே 7 ஆம் நாள், அமெரிக்கத் தளபதி பற்றன் முன்னிலையில் பொட்ஹாய்ஸ்கி புரவிகளின் ஆற்றலைக் காட்டினார். ஆட்ட முடிவில் குதிரை மீதிருந்தவாறே தளபதியை வணங்கிப் பாதுகாப்பு வேண்டினார். உலகமே போரில் மூழ்கியிருக்கையில் மனிதர் குதிரைக்கு ஆட்டம் பழக்குவது பற்றனுக்கு விந்தையாகவே பட்டது. ஆயினும், எத்துறையிலும் முழுமை காண முயல்வோரை மதிக்கும் அவர் அவ்வேண்டுகோளை ஏற்றார். ஹொஸ்தாவ் பண்ணையை அமெரிக்கப் படையினர் ஏப்பிரல் இறுதியிலேயே கைப்பற்றியிருந்தனர். அங்கிருந்த பெட்டைக் குதிரைகள் மே மாதத்தில் ஒஸ்திரியாவை அடைந்தன.

அதன்பின் பத்தாண்டுகள் பள்ளி வெளியூரிலேயே நடந்தது. 1955 இல் வெண்புரவிகள் மீண்டும் வியன்னா மண்டபம் புகுந்தன. பொட்ஹாய்ஸ்கி பின்னர் ஓய்வு பெற்று, 1973 இற் காலமானார். தாம் எழுதிய நூலொன்றிலே குதிரைகளையே தம் ஆசான்கள் எனப் போற்றினார் அவர். அவர் காத்த கலையை 2015 இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. போர் வென்ற தளபதியின் முன், வாளேந்தாது நின்று தன் கலையைக் காத்த ஆசானின் வெற்றியும் வரலாற்றில் நிலைத்திருக்கத் தக்கதே.